நீலத் திமிங்கலப் படப் புத்தகம்: உப்பும் மெழுகும்

அண்ணன் மகளுக்காக நானே வரைந்து தைக்கும் படப் புத்தகம் பாதி தாண்டிவிட்டது. இந்த வயதுக்காரர்களுக்குக் கடையில் கிடைக்கும் புத்தகங்களில் திமிங்கலம் பெரும்பாலும் சிரித்த முகமும் தலையில் நீரூற்றுமாக, கொழுத்த மீனாகவே இருக்கிறது. உள்ளபடியான உடம்பே போதிய வேடிக்கை என்பது என் கட்சி.

அளவு, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மண்டபத்தில் 2017 முதல் தொங்கும் நீலத் திமிங்கல எலும்புக்கூட்டின் நீளம் 25.2 மீட்டர். அதையே எடுத்துக்கொண்டேன், ஏ4 தாளின் நீளவாக்கில் கச்சிதமாக அமர்ந்தது. பக்கத்தில் நிற்கும் சிறுமி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். திமிங்கலத்தின் சாப்பாடான கிரில் என்ற குட்டி இறால் போன்ற உயிரி, கூரான பென்சிலால் வைத்த புள்ளி.

இதயம் கார் அளவு என்று எழுதுவது வழக்கம். 2014இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரை ஒதுங்கிய ஒரு நீலத் திமிங்கலத்தின் இதயத்தை டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் பதப்படுத்தி வைத்தது. எடை ஏறத்தாழ 180 கிலோதான். ‘அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் தராசில் ஏறினால் வரும் எடை’ என்று எழுதிவிட்டேன். காரை விட இது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஓவியத்தில் அதிக நேரம் தின்றது தோல். மோவாயிலிருந்து தொப்புள் வரை ஓடும் வரிப்பள்ளங்களுக்கு வெள்ளை மெழுகுவத்தியின் ஓரத்தால் அழுத்திக் கோடிழுத்தேன். மேலே நீலச் சாம்பல் வாட்டர் கலரைப் பூசினால் மெழுகில் வண்ணம் ஒட்டாமல் வரிகள் வெளுப்பாக நிற்கின்றன. முதுகின் திட்டுத் திட்டான நிறத்துக்கு உப்பு. ஈர வண்ணத்தின் பளபளப்பு அடங்கத் தொடங்கும்போது தூவ வேண்டும். முந்தினால் கரைந்துபோகும், பிந்தினால் தடமே விழாது. தூளுப்பு பொடிப் புள்ளிகள் தருகிறது, கல்லுப்பு அகன்ற திட்டுகள் தருகிறது. இரண்டையும் கலந்து தூவினேன். நன்றாகக் காய்ந்தபின் விரலால் தட்டிவிட்டால் போதும். தாள் தடிமனாக இருக்க வேண்டும். சாதாரண சார்ட் பேப்பர் சுருண்டுவிடும்.

மற்றவை சுலபம். கண்ணை வாயின் கோடியருகே வைத்தேன். வால் கிடைமட்டம், ஆகவே அசைவு மேலும் கீழும். மூச்சுத் துளைகள் இரண்டு. அவற்றிலிருந்து எழுவது மூச்சுக்காற்றும் நீர்த்திவலையும் என்பதால் ஈரப் பஞ்சால் ஒற்றி மங்கலாக்கினேன்.

முடிந்த பக்கங்களை வாசித்துக் காட்டியபோது இதயம், எலும்பு எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டவள், இது எங்கே ஆய் போகும் என்றாள். நியாயமான கேள்வி. கிரில் தின்னும் திமிங்கலத்தின் கழிவு செம்மஞ்சளாகக் கடலில் பரவும். அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கியாகிவிட்டது. ஆரஞ்சு வண்ணக் குப்பி புதிதாக வாங்கினேன்.

அடுத்தது ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் மூச்சு ஒற்றைத் துளை வழியே இடப்புறம் முன்சாய்ந்து எழும், வரைய நன்றாக இருக்கும். சிக்கல் அதன் முக்குளிப்பு: 1,000 மீட்டர் ஆழத்துக்கு என் அளவில் 10 மீட்டர் தாள் வேண்டும். தாள் உருளை என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.