மே மாதம், சேவல், 47

4.5.2022, புதன்

காலை சின்னவள் 4.690 கிலோ. நேற்றைவிட 10 கிராம் கூட. ஐந்து கிலோ வரட்டும், பிறகு இதய சத்திரசிகிச்சைக்குத் திகதி தருகிறோம் என்கிறார்கள்.

இரவு. சின்னவளின் டவுன் சின்ட்ரோமுக்குக் காரணத்தை முதலில் கண்ட வைத்தியர் மார்த் கோத்தியே இறந்துவிட்டார். சனிக்கிழமை, மோ நகரில். 96 வயது. பால் போத்தல்களை அவித்துக்கொண்டிருந்தபோது செய்தி கேட்டேன். தண்ணீர் வற்றும்வரை அடுப்பை அணைக்கவில்லை.

5.5

உயர்தரத்தில் உயிரியல் படித்தபோது ஒரே வரியில் மனனம் செய்தேன்: டவுன் சின்ட்ரோம் என்றால் 21ஆம் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டுக்குப் பதில் மூன்று, மொத்தம் 46க்குப் பதில் 47. பரீட்சையில் வந்தது, சரியாக எழுதினேன். அந்த 47ஐ முதன்முதலில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

7.5, சனி

4.705. ஒரு தடவைக்கு 70 மில்லிலீட்டர். அதற்கு முக்கால் மணி நேரம். பத்து உறிஞ்சல், பிறகு ஓய்வு. மேலுதட்டின் மீது முதலில் வேர்க்கும், பிறகு நெற்றியில் பொட்டுப் பொட்டாக. பிள்ளை பால் குடிப்பது இப்படி மலையேறுவது போல இருக்கும் என்று மூத்தவனை வளர்த்தபோது எனக்குத் தெரியாது. இதயத்தின் நடுச்சுவர் கூடவில்லை. இரண்டு வால்வுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். இரத்தமெல்லாம் நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. இந்த வருத்தமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறதாம்.

கோத்தியே குழந்தைகளின் இதய வைத்தியர். நிறமூர்த்தத்தைத் தேடி வந்தவர் அல்லர். அது ஏனோ எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

8.5

4.690. மறுபடியும்.

10.5

கோத்தியே 2009இல் தன் கைப்பட எழுதிய வரலாற்றை இரவு முழுக்க வாசித்தேன். பொஸ்டனில் ஒரு வருடம் இருந்தபோது உடலின் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கப் பழகியிருக்கிறார். 1956இல் பாரிசுக்குத் திரும்பி, துரூசோ ஆஸ்பத்திரியில் பேராசிரியர் துர்ப்பானிடம் சேர்ந்திருக்கிறார். மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள் என்று திஜோ, லெவான் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சரியாக எண்ணிச் சொன்னதே அந்த வருடம்தான். துர்ப்பானுக்கோ இந்தப் பிள்ளைகளின் நிறமூர்த்தங்களில்தான் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. எனக்குக் கலம் வளர்க்கத் தெரியும், இடம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார் கோத்தியே. கிடைத்தது ஒரு வெற்று அறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு சுழற்றி, ஒரு மட்டமான நுணுக்குக்காட்டி. சல்லிக்காசு இல்லை. கண்ணாடிச் சாமான்களைத் தன் பெயரில் கடன் எடுத்து வாங்கினார். கலங்களுக்கு ஊட்ட மனித இரத்தத்தின் தெளிநீர் வேண்டும். தன் கையில் ஊசி போட்டுத் தன் இரத்தத்தையே எடுத்தார். கோழியின் குருதித்திரவம் வேண்டும்; ஒரு சேவல் வாங்கி வளர்த்தார்.

சேவல்! கமக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் அது தோன்றும்.

11.5

இன்று முழுவதும் அந்தச் சேவல் நினைவு. அதற்கு யார் தீனி போட்டிருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில்?

13.5, வெள்ளி

பதிவு மேசையில் சின்னவளின் கோப்பைக் காணவில்லை. நாற்பது நிமிடம். கடைசியில் வேறு எழுத்தில் கிடந்தது. எங்கள் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதியிருந்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஓர் எழுத்துத்தானே என்றார் அந்தப் பெண்.

1959 ஜனவரி 26. பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் 47ஐ அறிவித்த கட்டுரை வந்தபோது கோத்தியேயின் பெயருக்கும் இதுதான் நடந்தது. மார்த் என்பது மாரி ஆனது, குடும்பப் பெயரில் இல்லாத எழுத்து ஒன்று நுழைந்தது. அதுவும் இரண்டாவது பெயராக. முதல் பெயர், துர்ப்பானோடு வேலை செய்த லெஜுன்.

15.5

காய்ச்சல் 37.9. எழுத மனமில்லை.

16.5

தணிந்துவிட்டது. 4.720.

18.5, புதன்

மூத்தவனுக்குப் பள்ளி இல்லை. சின்னவளை அவரிடம் விட்டுவிட்டு அவனைத் துரூசோவுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே போக வேலை ஒன்றும் இல்லை, வாசலில் நின்றோம். தள்ளுவண்டிகளும் தாய்மாரும்தான். 1958 மே மாதம் இந்த மதிலுக்குள்தான் கோத்தியே எண்ணினார் என்று அவனுக்குச் சொன்னேன்.

"நாற்பத்தேழு என்றால் எங்களைவிடக் கூடத்தானே அம்மா? கூட இருந்தால் ஏன் வருத்தம் வருகிறது?"

கறிக்கு ஒன்றரை மடங்கு உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த ஒரு நிறமூர்த்தத்திலுள்ள கட்டளைகள் எல்லாம் இரண்டு பங்குக்குப் பதில் மூன்று பங்கு, மற்றவையெல்லாம் பழைய அளவு. யோசித்தான். "உப்புக் கூடினாலும் கறி கறிதானே" என்றான். அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

19.5

மாமி வீடியோவில். "பிள்ளையின் உள்ளங்கையைக் காட்டு." காட்டினேன். குறுக்கே ஒரே ரேகை. மாமி ஒன்றும் பேசவில்லை. துர்ப்பானும் லெஜுனும் கலம் எண்ணுவதற்கு முன்பு இந்தப் பிள்ளைகளின் கைரேகைகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

22.5, ஞாயிறு

லெஜுனை வெறுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கோத்தியேயின் நுணுக்குக்காட்டியில் படம் எடுக்க வசதியில்லை. படம் எடுத்துத் தருகிறேன் என்று, கலங்கள் இருந்த கண்ணாடித் தட்டுகளை வாங்கிப் போனவர் லெஜுன். தட்டுகளுக்காக கோத்தியே காத்திருந்தார். கட்டுரை வெளிவரும் தறுவாயில்தான் தனக்குத் தெரிந்தது என்று எழுதுகிறார். ஆனால் அந்த லெஜுன்தான் பிறகு வாழ்நாள் முழுக்க இந்தப் பிள்ளைகளை மடியில் வைத்து வைத்தியம் பார்த்தார், இவர்கள் வேண்டாதவர்கள் அல்லர் என்று மேடை மேடையாகச் சொன்னார். கருக்கலைப்பு பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. என் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்த்திருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

அதற்காக கோத்தியே எண்ணியதை அவர் எண்ணியதாகச் சொல்லக் கூடாதா?

2014 ஜனவரி 31, போர்தோ. 88 வயதில், மரபியலாளர்களின் மாநாட்டில் பேச வந்தார். லெஜுனின் பெயரிலுள்ள அறக்கட்டளை, பேச்சைப் பதிவுசெய்ய நீதிமன்ற அலுவலர்களை அனுப்பியது. பேச்சையே இரத்துச் செய்தார்கள். பதக்கத்தைத் தனியாக வைத்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் பிரான்சின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு, கண்டுபிடிப்பில் லெஜுனின் பங்கு முதன்மையாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து.

நான் திகதிக்காக மூன்று வாரம் காத்திருப்பதற்கே சுவரில் முட்டிக்கொள்கிறேன்.

24.5

4.930! 85 மில்லிலீட்டர் குடித்தாள். வேர்க்கவில்லை, கொஞ்சம்தான் வேர்த்தது.

26.5

விடுமுறை நாள். யாரும் தொலைபேசி எடுக்கவில்லை.

27.5, வெள்ளி

5.010. மூன்று தரம் நிறுத்தேன். மதியம் அழைப்பு வந்தது: திங்கள் காலை ஏழு மணி.

29.5, ஞாயிறு

சிவப்புச் சோப்பால் இரண்டு தரம் குளிப்பாட்டச் சொன்னார்கள். தலையும். நெஞ்சின் நடுவில் கை வைத்துக் கழுவும்போது எலும்புக்கு அடியில் அது ஓடுவது விரலுக்குத் தெரிந்தது, குருவிக் குஞ்சு போல. சிரித்தாள். நாளைக்கு அந்த இடம் இப்படி இருக்காது.

நாற்பத்தேழை எண்ணிய பிறகு கோத்தியே அந்த ஆராய்ச்சிப் பக்கமே திரும்பவில்லை. குழந்தைகளிடம் போய்விட்டார்.

பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். கைப்பட்டி கட்டும்போது எழுத்து எழுத்தாகப் பார்ப்பேன்.

30.5

6.10. டாக்சி கீழே நிற்கிறது. மூத்தவன் இன்னும் சப்பாத்துப்