எந்த இடத்தில் நிறுத்துவது

ஆளுக்கொரு வேலையில் இருந்துகொண்டு, ஓய்வு கிடைக்கும்போது கூடி வாசிக்கும் எங்கள் பேண்டில் பேஸ் கிட்டார் என் பொறுப்பு. பேஸ் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வது எளிது: கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) அடிப்படைச் சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் வைத்தே பல பாடல்களை ஒப்பேற்றிவிடலாம். உண்மையில் எனக்கு நேரம் பிடிப்பது, வாசித்த சுரத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே.

நான்கு தந்தி பேஸில் மிகத் தடித்த தந்தியான ஈ (E) ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 1951-இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் 34 அங்குலத் தந்தி நீளம்தான் இன்றும் பெரும்பாலான பேஸ்களில் இருக்கிறது. அவ்வளவு நீளமும் கனமும் உள்ள தந்தி, மீட்டிய பின் தானாக அடங்கப் பல நொடிகள் ஆகும். அதை அடக்காமல் அடுத்த தந்திக்குப் போனால், இரண்டு தாழ்ந்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எதுவென்று பிரித்தறிய முடியாத இரைச்சலாகிவிடும். ஆகவே வாசிக்காத தடித்த தந்தியின்மேல் வலது கைப் பெருவிரல் சாய்ந்திருக்க வேண்டும். இடது கையில் வேலையில்லாத விரல்கள் மெல்லிய தந்திகளின்மேல் பட்டும் படாமலும் கிடக்க வேண்டும். பேஸ் வாசிப்பவர் சும்மா நிற்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்த அடக்கும் வேலையில்தான் கழிகிறது.

முழு பேண்டும் வந்து சேர்வதற்கு முன்பே டிரம்மரும் நானும் மட்டும் சிறிது நேரம் வாசித்துக்கொள்வோம். எங்கள் ஒத்திகைகளில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான் என்பது என் கருத்து. கிட்டார் வாசிப்பவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றிலும் மூன்றிலும், ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்) இரண்டிலும் நான்கிலும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிக்குடன் தொடங்கும் என் சுரத்தை ஸ்னேரைத் தாண்டியும் ஒலிக்க விட்டால் பாட்டு இழுபடுகிறது. அதே சுரத்தை ஸ்னேர் விழும் கணத்தில் வெட்டினால், டிரம்மர் சற்றும் ஓங்கி அடிக்காமலேயே ஸ்னேர் பளிச்சென்று எழுந்து நிற்கிறது. வெட்டும்போது விரலைத் தந்தியிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் திறந்த தந்தி முனகும். அழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டுத் தொடுகையை விடாமல் இருக்க வேண்டும். வீட்டில் தனியாகப் பயிலும்போது தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் வேகத்தைப் பாதியாக்கி, அதன் ஒவ்வொரு தட்டையும் இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டு, சரியாக அந்தத் தட்டில் சுரத்தை நிறுத்திப் பார்ப்பேன். தொடங்குவதைவிட நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரியும்.

அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான மோட்டவுனின் ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பிரிட்ஜின் (பேஸின் உடலில் தந்திகள் பூட்டப்படும் இடத்தின்) உலோக மூடிக்குள் இருந்த நுரைப்பஞ்சை அகற்றாமலேயே வைத்திருந்தவர். தட்டைக் கம்பி சுற்றிய வழுவழுப்பான தந்திகளையும் அவர் எளிதில் மாற்ற மாட்டார். பஞ்சு தந்தியின் நீள்ஒலியைக் குறைத்துவிடுவதால் ஒவ்வொரு சுரமும் தடித்து எழுந்து விரைவில் அடங்கும். நானும் பிரிட்ஜின் அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிப் பார்த்தேன். துள்ளலான பாடல்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. மெதுவான பாடல்களில் எடுத்துவிடுகிறேன். அங்கே சுரம் நீள வேண்டும், நீளும் அளவு என் விரலின் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கவனித்தாலும், அறை தன் பங்குக்கு ஒன்று செய்யும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நான்கு மீட்டர் உள்ள அறையில் 43 ஹெர்ட்ஸை ஒட்டி நிலை அலை (சுவர்களில் மோதித் திரும்பி ஓரிடத்திலேயே நின்று அதிரும் ஒலி) உருவாகும்; அதாவது ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் விரலால் அழுத்தும் கட்டத்தில்) வரும் எஃப் சுரம் மற்றவற்றைவிடப் பெரிதாக எழுந்து, நான் நிறுத்திய பிறகும் சுவரோரத்தில் உறுமிக்கொண்டிருக்கும். அறையின் நடுவில் நிற்பவருக்கோ அதே சுரம் காணாமல் போயிருக்கும். பேஸின் ஒலியைப் பெருக்கும் ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுத்து வைத்தால் ஓரளவு குறையும். ஒத்திகையைப் போனில் பதிவு செய்து போனிலேயே கேட்டுவிட்டு, பேஸ் கேட்கவில்லையே என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: அந்தச் சிறிய ஸ்பீக்கரிலிருந்து 41 ஹெர்ட்ஸ் வராது, இயர்போனில் கேளுங்கள்.

மேடைக்குப் போனால் கணக்கு மறுபடி மாறுகிறது. எதிரொலிக்கும் மண்டபத்தில் ஒலி இரண்டு வழிகளில் போகிறது: என் பின்னால் இருக்கும் ஆம்பிலிருந்து ஒன்று, பேஸின் சிக்னலை நேரடியாக அனுப்பும் டிஐ பாக்ஸ் வழியாக மிக்சருக்குப் போய்ப் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து ஒன்று. கூட்டம் வந்து நிறைந்ததும் உச்ச ஒலிகளின் எதிரொலி நன்றாகக் குறையும். தாழ்ந்த ஒலிகளை மனித உடல்கள் அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. எனவே சவுண்ட் செக்கில் சரியாக இருந்த சுரம் நிகழ்ச்சியில் கொழகொழத்துவிடும். அத்தகைய இடங்களில் ஒத்திகையில் வாசித்ததைவிடக் குறுகலாக வாசிக்கிறேன். மீதி நீளத்தை மண்டபம் சேர்த்துக்கொள்ளும். திறந்தவெளியில் நேர்மாறு: திருப்பியனுப்பச் சுவரில்லாததால் வெட்டிய சுரம் வெட்டிய இடத்திலேயே மறைந்துபோகிறது, பாட்டு எலும்பும் தோலுமாகக் கேட்கிறது, ஆகவே அடுத்த சுரம் வரும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாசிப்பவர்களுக்கென்று மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் என்ன கேட்டாலும் என் கண் டிரம்மரின் வலது பாதத்தில்தான் இருக்கும். மேடைப் பரபரப்பில் வேகம் கூடுவது முதலில் தெரிவது அங்கேதான்.

பாட்டின் கடைசிச் சுரத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சிம்பலை டிரம்மர் கையால் பிடித்து நிறுத்தும்போது நானும் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் இருவரின் கட்சி. கிட்டார் வாசிப்பவர் ஆம்ப் பக்கம் திரும்பி நின்று, ஃபீட்பேக் (ஆம்பின் ஒலியே கிட்டாரில் திரும்பி ஏறி எழும் ஊளை) எழும்வரை கடைசிக் கார்டை விடமாட்டேன் என்கிறார். போன நிகழ்ச்சியில் நாங்கள் நிறுத்திய பிறகும் அவர் நெடுநேரம் தொடர்ந்தார். கைதட்டலும் அப்போதுதான் வந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.