ஒரு ஹைட்ரஜன் பாடமும் பதினாறு மாதங்களும்

ஹைட்ரஜன் பாடம் நடத்த ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று எடுத்த போட்டோ எங்கள் பிரின்சிபால் அறையில் மாட்டியிருக்கிறது. நான்கு பேர், இரண்டு பேனா, மேஜை மேல் இரண்டு நாட்டுக் கொடி. அந்தப் போட்டோவுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் பதினாறு மாதம் ஓடிவிட்டது.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் மெக்கானிக்கல் ஆசிரியர் நான். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சூரிய ஒளி, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதுதான் பசுமை ஹைட்ரஜன். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. வ.உ.சி. துறைமுகமும் ஹைட்ரஜன் மையமாகப் போகிறது என்றதும் நிர்வாகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய மாணவர் ஒருவர் மூலம் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. அவர்களுக்கும் ஆள் பயிற்சிக்கு அவசரம்தான். 9,040 கிலோமீட்டர் ஹைட்ரஜன் குழாய்ப் பாதைக்கு அங்கே 2024 அக்டோபரில் ஒப்புதல் ஆகியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பழைய எரிவாயுக் குழாய்களையே மாற்றிப் பயன்படுத்தப் போகிறார்கள்.

முதலில் கூட்டுப் பட்டம் என்றுதான் கிளம்பினோம். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி அதற்குக் கல்லூரித் தரத்துக்கான நாக் (NAAC) மதிப்பெண் 3.01 வேண்டும், இல்லையென்றால் தேசியத் தரவரிசையில் முன்னால் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. இது முதல் நாளே படிக்க வேண்டிய பக்கம். நாங்கள் மூன்று மாதம் கழித்துப் படித்தோம். அப்புறம் 18 கிரெடிட் மைனர் டிகிரி (முதன்மைப் பட்டத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம்) என்று இறங்கி வந்தோம்.

அடுத்த சிக்கல் அந்தக் கிரெடிட்டிலேயே வந்தது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது வீட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேரம். நமக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, பதினைந்து வாரம், அவ்வளவுதான். அவர்களுடைய ஆறு கிரெடிட் பாடத்துக்கு நாங்கள் மூன்று என்று போட்டால், ‘பாதியை எங்கே விட்டீர்கள்?’ என்று கேட்டார்கள். ஆறு என்றே போட்டால் எங்கள் அகாடமிக் கவுன்சில் விடவில்லை. வீட்டுப் படிப்பு, லேப், வகுப்பு மூன்றையும் மணிக்கணக்கில் பிரித்து ஒரே ஒரு அட்டவணை போட்டதும்தான் இரண்டு பக்கமும் தலையாட்டியது. அந்த அட்டவணைக்கு மட்டும் இரண்டு மாதம்.

சிலபஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் அனுப்பியது, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தின் மின்வேதியியல்; அருமையான பாடம். ஆனால் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் போய்க் கேட்டபோது அவர்கள் கேட்டது வேறு. உங்கள் பையனுக்குக் கசிவு கண்டுபிடிக்கத் தெரியுமா? வேலைக்கு முன்னால் குழாயை நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்யத் தெரியுமா? நியாயமான கேள்விதான். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். அதற்கு நைலான் சட்டையில் வரும் பொறி போதும். வாடையும் கிடையாது. சமையல் கேஸில் சேர்ப்பது போல வாடைப் பொருள் சேர்த்தால் எரிபொருள் கலம் கெட்டுவிடும். சரி என்று பாடத்தில் பாதியைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினோம்.

அதை யார் நடத்துவது? லேபுக்கு முதல் சிலிண்டர் வந்த அன்றே எங்கள் லட்சணம் தெரிந்துவிட்டது. ரெகுலேட்டரைக் கழற்றப் போகிறோம் என்று அரை மணி நேரம் அதை இறுக்கிக்கொண்டே இருந்தோம். எரியும் வாயுவுக்கு இடம்புரி மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், கைக்குத்தான் அது தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. காஸ்டிக் சோடா ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக்கோடு குளோரினும் ஹைட்ரஜனும் சேர்ந்தே வரும். ஒரு டன் காஸ்டிக்குக்கு ஏறத்தாழ 25 கிலோ ஹைட்ரஜன். நாங்கள் ஜெர்மனியில் தேடிய ஆள் பக்கத்து ஊரில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தார்.

ஐடிஐ படித்தவர் எப்படி வகுப்பெடுக்கலாம் என்று கோப்பு திரும்பி வந்தது. தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியராக எடுக்க யுஜிசி வழி வைத்திருக்கிறதே என்று காட்டினேன். அது ‘உயர் பதவியில்’ பதினைந்து வருடம் இருந்தவர்களுக்கு என்றார்கள். கடைசியில் அவர் பெயரில் பன்னிரண்டு ‘சிறப்பு விருந்தினர் உரை’ போட்டோம், பன்னிரண்டு வவுச்சர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜெர்மன் பேராசிரியர் வீடியோவில் வருவது மதியம் ஒன்றரைக்கு. அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது இரண்டரை ஆகிவிட்டது. யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டாம் என்று அண்ணாச்சியைப் பேசச் சொன்னேன். பேராசிரியர் திரையில் வந்தபோது அண்ணாச்சி பாதிக் கதையில் இருந்தார்.

“பகல்ல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. சந்தேகம்னா நீளக் கம்புல வாரியலக் கட்டி முன்னால நீட்டிக்கிட்டே போவோம். வாரியல் பத்துச்சுன்னா அங்கேயே நின்னுருவோம்.”

வாரியல் என்றால் துடைப்பம் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்காவில் ராக்கெட் எரிபொருள் ஊழியர்களும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தார்கள் என்றார். அன்றைக்கு அவர் தன் ஸ்லைடுகளைத் திறக்கவே இல்லை. அண்ணாச்சியிடம் கேள்வி மேல் கேள்வி.

இப்போது அந்த வகுப்பின் பதிவை ஜெர்மன் சப்டைட்டிலோடு தங்கள் மாணவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் வேண்டுமா என்று எங்கள் அலுவலகத்தில் கோப்பு போட்டிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது.