விடுபட்ட அம்புக்குறி

1988ஆம் ஆண்டு பாம்பனில் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, கடலில் மீன் ஏன் குறைகிறது என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார் எங்கள் வரலாற்று ஆசிரியர். நாட்டுப்படகுக் குடும்பத்துப் பிள்ளையான நான், விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடி வலை அடிக்கடலைச் சுரண்டுவதே காரணம் என்று நான்கு பக்கம் எழுதினேன் என்பதைவிட, கொட்டித் தீர்த்தேன் என்பதே பொருந்தும். "சரிதான், அந்தப் படகை வாங்க வைத்தது எது?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரிக்காக வகுப்பே கரையெங்கும் அலைந்தது. ஏற்றுமதி இறாலுக்குக் கிடைத்த விலை, அதை நம்பிப் படகு உரிமையாளர்களான சம்மாட்டிகள் பட்ட கடன், கரையை ஒட்டிய மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய 1983ஆம் ஆண்டுச் சட்டம், 1974இல் வடகடலான பாக் நீரிணையிலும் 1976இல் தென்கடலான மன்னார் வளைகுடாவிலும் இலங்கையோடு வகுக்கப்பட்ட எல்லை என ஒவ்வொன்றையும் பெரிய தாளில் எழுதி அம்புக்குறியால் இணைத்தோம். அப்போது ஓர் அம்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. மீன் குறைந்ததால் பெரிய இயந்திரம் தேவைப்பட்டது. அதனால் கடன் ஏறியது. கடனை அடைக்க இன்னும் தொலைவுக்குப் போய் இன்னும் அதிக நேரம் மடி இழுத்தார்கள். மீன் மேலும் குறைந்தது. விளைவு என்று நாங்கள் எழுதியதே காரணமாக மாறி நின்றது.

கடல்கடந்து சமூகவியல் படிக்க வந்த பிறகு, பிரெஞ்சுச் சிந்தனையாளர் எட்கார் மொரேன் இதே சுழற்சியை விளக்கியிருப்பதைப் படித்து, வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எடுத்தாளும் 'காம்ப்ளெக்ஸஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சேர்த்து நெய்யப்பட்டது என்று பொருள். அந்தச் சொல்லை வேராகக் கொண்ட அவருடைய சிந்தனை முறையைத் தமிழில் 'சிக்கலான சிந்தனை' என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து ஊசி கோக்கும் பெரியவர், "சிக்கு வேற, முடிச்சு வேறப்பா" என்று சொல்வார். சிக்கை எடுத்தால் வலை விரியும். முடிச்சை அவிழ்த்தால் வலையே இராது. ஒரு கண்ணியைச் சற்றுப் பெரிதாகப் பின்னிவிட்டாலும் பக்கத்துக் கண்ணிகள் கோணிக்கொள்வதை அவர் கைக்கருகில் குனிந்து பார்த்திருக்கிறேன். பொருளியலைத் தனியாகவும் வரலாற்றைத் தனியாகவும் அறுத்தெடுத்து ஆராய்ந்த பல அறிக்கைகளைப் பின்னாளில் படித்தபோதெல்லாம் அந்தக் கோணல்தான் கண்ணில் பட்டது.

அன்று வகுப்பில் தாள் நிரம்பியதும் ஆசிரியர் கேட்டார்: "இதில் பெண்கள் எங்கே?" நாங்கள் ஆண்களிடம் மட்டுமே விசாரித்திருந்தோம். மறுநாள் வகுப்புத் தோழி ஒருத்தி, தீவுகளில் கடல்பாசி எடுக்கப் போகும் தன் தாயை அழைத்துவந்தாள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றுவதைச் செய்து காட்டிய அந்த அம்மா, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதைக் கேள்விப்பட்டிருந்தார். "கடலைக் காப்பாத்தணும் சார், வேண்டாங்கல. தீவுப் பக்கம் வரக்கூடாதுன்னா நாங்க எங்க போறது?" என்றார். தாளில் 'தீவுகள்' என்று எழுதி ஓர் அம்பு வரைந்தோம். அதன் மறுமுனையை எதனோடு சேர்ப்பது என்று மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.