மவுண்ட் ரோட்டுல நிமிர்ந்து பாத்துக்கிட்டே நடந்த கதை

மவுண்ட் ரோடு வழியா எத்தனை வருஷம் பஸ்ல போயிருப்போம், ஆனா அங்க இருக்கற கட்டடங்கள ஒழுங்கா பாத்திருக்கோமான்னா இல்ல, தியேட்டர் போஸ்டரும் கடை போர்டும்தான் கண்ணுல படும். ஞாயித்துக்கிழமை காலைல ஹெரிட்டேஜ் வாக் ஒண்ணு கூட்டிட்டுப் போறாங்கன்னு பிரண்டு இழுத்துட்டுப் போனான். கைடா வந்தவங்க ஒரு ஆர்க்கிடெக்ட் மேடம். முதல்லயே ஒரே ரூல் போட்டுட்டாங்க, கடை போர்டுக்கு மேல இருக்கறத மட்டும் பாருங்க, கீழ பள்ளம் வந்தா நான் சொல்றேன்னு. மவுண்ட் ரோட்டு பிளாட்பாரம் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ ரிஸ்கான ரூல்னு புரியும்.

ஆரம்பிச்சது ராஜாஜி ஹால்ல. பெரிய படிக்கட்டு, உருண்டு தெரண்ட தூண் வரிசை, பாத்தா அப்படியே கிரேக்க கோயில். 1802ல கட்டி முடிச்சாங்க, ராபர்ட் கிளைவோட பையன் எட்வர்ட் கிளைவ் இங்க கவர்னரா இருந்தப்ப. டிசைன் பண்ண ஜான் கோல்டிங்ஹாம் மெட்ராஸ் அப்சர்வேட்டரியில நட்சத்திரம் பாத்துட்டு இருந்த மனுஷன். திப்பு சுல்தான ஜெயிச்சதுக்கும் பிளாசி சண்டைக்கும் நினைவா கட்டின விருந்து மண்டபம் இது. ஆனா தமிழ்நாட்டுல யாருக்கு அது ஞாபகம் இருக்கு? நமக்கு இது அண்ணா, காமராஜர், எம்ஜிஆர், ஜெயலலிதா, கலைஞர் எல்லாரோட உடலையும் வெச்சிருந்த இடம். அந்தப் படிக்கட்ட டிவில பாத்து அழாத வீடு கம்மி. பின்னாடியே ஓமந்தூரார் ஆஸ்பத்திரி, 2010ல ஜெர்மன் ஆர்க்கிடெக்ட் கம்பெனி டிசைன்ல சட்டசபைக்குன்னு திறந்த கட்டடம், 2014ல ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. விருந்து மண்டபம் அஞ்சலி மண்டபம் ஆகுது, சட்டசபை ஆஸ்பத்திரி ஆகுது, இந்த ஒரு காம்பவுண்டுக்குள்ள எது எதுக்கு கட்டினாங்கன்னே கேக்கக் கூடாது போல.

அண்ணா சிலை தாண்டினதும் சீன் மாறிடுது. அரசாங்கம் கட்டினது கம்மி, கடைக்காரங்க கட்டினது ஜாஸ்தி. மேடம் சொன்னதுல எனக்கு மண்டையில நின்னது இதுதான். மவுண்ட் ரோட்டுல ராஜா அரண்மனைன்னு பெருசா எதுவும் கிடையாது, கடிகாரம் விக்கறவர், புஸ்தகம் விக்கறவர், மருந்து விக்கறவர், இன்சூரன்ஸ் விக்கறவர், இவங்க ஒருத்தருக்கொருத்தர் போட்டி போட்டு கட்டினதுதான் எல்லாம்.

பி.ஆர் அண்ட் சன்ஸ் வாட்ச் கடை, மெட்ராஸ் யூனிவர்சிட்டியோட செனட் ஹவுஸ் கட்டின அதே ஆர்க்கிடெக்ட் சிஷோம் டிசைன், 1870கள்ல கட்டினது. மெட்ரோ வேலைக்காக அதுல ஒரு பகுதிய இடிச்சாங்க, கோர்ட் கேஸ் எல்லாம் நடந்துச்சு, முகப்பு தப்பிச்சுது. ஹிக்கின்பாதம்ஸ், கடை ஆரம்பிச்சது 1844, இப்ப இருக்கற வெள்ளை கட்டடம் 1904. உசரமான சீலிங், கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட தரை. மெட்ராஸ் டெரஸ்னா என்னன்னு மேடம் விளக்கினாங்க, தேக்கு உத்தரம் போட்டு அது மேல சின்ன செங்கல்ல படுக்க வைக்காம நிமித்தி, குறுக்கா அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில ஒட்டி எடுக்கற கூரை. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது, நூறு வருஷம் அசால்ட்டா நிக்கும். இப்ப அத போடத் தெரிஞ்ச கொத்தனார தேடித்தான் பிடிக்கணுமாம்.

அப்புறம் பாரத் இன்சூரன்ஸ் பில்டிங். இங்க நின்னப்பதான் எங்களுக்குள்ள சண்டையே. 1897ல ஸ்மித்னு ஒரு மருந்துக் கடைக்காரர் கட்டினது, கோபுரம், குவிமாடம், வளைவுன்னு ஒரே ஆடம்பரம், மருந்து கடைக்கு இவ்ளோவான்னு தோணும். 1934ல பாரத் இன்சூரன்ஸ் வாங்கினாங்க, 1956ல இன்சூரன்ஸ் கம்பெனிகள நாட்டுடைமை ஆக்கினப்ப எல்ஐசி கைக்கு வந்துச்சு. 2006ல இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பழைய கட்டடங்கள காப்பாத்தப் போராடற இன்டாக் அமைப்பு ஹைகோர்ட்டுக்குப் போய் நிறுத்தினாங்க. ஆனா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மரம் முளைச்சு பாழடைஞ்சு நின்னுச்சு. சட்டம் ஸ்ட்ராங்கா இருந்தா கட்டடம் பொழைக்கும்னு மேடம் சொன்னாங்க. எனக்கு அவ்ளோ நம்பிக்கை இல்ல. இடிக்கறத கோர்ட் நிறுத்தலாம், உள்ள ஆள் கொண்டு வந்து உக்கார வைக்க முடியாதே. ஹிக்கின்பாதம்ஸ்ல இன்னும் புஸ்தகம் விக்கறாங்க, வாட்ச் கடையில இன்னும் வாட்ச் விக்கறாங்க, அதனால ஒழுகினா கூரைய பாக்க ஒருத்தர் இருக்காங்க. பாரத் பில்டிங்குக்கு அது இல்லாம போச்சு, அவ்ளோதான் விஷயம். மேடம் சிரிச்சுக்கிட்டே சரி சார், வாடகைக்கு வரீங்களான்னு கேட்டாங்க. பதில் இல்ல என்கிட்ட.

அதே எல்ஐசிதான் அந்த 14 மாடி எல்ஐசி பில்டிங்கையும் வெச்சிருக்கு, இது அதைவிட சுவாரசியம். ஊர்ல இருந்து ஹீரோ மெட்ராஸ் வந்தா சினிமால சென்ட்ரல காட்டுவான், அடுத்த ஷாட் இதுதான். 177 அடி, 1959ல திறந்தப்ப இந்தியாவுலயே உசரமான கட்டடம், ரெண்டு வருஷம்தான் அந்தப் பெருமை. ஆரம்பிச்சது யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எம்.சி.டி.எம் சிதம்பரம் செட்டியார், 1954ல சிங்கப்பூர் விமான விபத்துல இறந்துட்டார். லண்டன் ஆர்க்கிடெக்ட்ஸ் பிரவுனும் மூலினும் வரைஞ்சாங்க, பாதியில அவங்க விலக நம்ம எல்.எம்.சிட்டாலே முடிச்சு குடுத்தார். கம்பெனி அதுக்குள்ள எல்ஐசி ஆயிடுச்சு. ஆக ஆசைப்பட்டவர் இல்ல, வரைஞ்சவங்க இல்ல, கம்பெனி பேரே இல்ல, கட்டடம் மட்டும் எந்திரிச்சு நின்னுடுச்சு. செங்கல் சுண்ணாம்புல இருந்து கான்கிரீட் தூணுக்கு மெட்ராஸ் மாறினதுக்கு இதுதான் பெரிய அடையாளம். 1975ல பெரிய தீ பிடிச்சும் தாங்கிச்சு. கண்ணாடி பளபளப்பு எதுவும் இல்லாம செங்குத்தா கோடு கோடா போற அந்த முகப்பு எனக்கு இன்னும் அலுக்கல, புதுசா வர்ற எந்த ஐடி டவரும் கிட்ட வர முடியாது (சண்டைக்கு வாங்க, பரவால்ல).

போஸ்ட் ஆபிஸ் காம்பவுண்டுக்குள்ள 1913ல வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் இருக்குன்னு எத்தனை பேருக்கு தெரியும்? சினிமா கொட்டாய் இப்ப ஸ்டாம்ப் கலெக்‌ஷன் ஆபிஸ். சின்ன கட்டடம், டக்குனு பாத்துட்டு வந்துடலாம்.

கடைசி ஸ்டாப் ஸ்பென்சர். பழைய செக்கச்செவேல் கட்டடம் 80கள்ல எரிஞ்சு போச்சு, அந்த இடத்துல வந்த பிளாசாலதான் எங்க தலைமுறை டூப்ளிகேட் ஷூவும் கேசட்டும் வாங்குச்சு, எஸ்கலேட்டர்ல ஏற பயந்துச்சு. இத ஹெரிட்டேஜ்னு எப்ப சேப்பீங்கன்னு நான் கேட்டதுக்கு மேடம் பதிலே சொல்லல, ஆனா குரூப்ல இருந்த காலேஜ் பசங்க ஏதோ ஜோக் கேட்ட மாதிரி சிரிச்சாங்க. நான் சீரியசாதான் கேட்டேன்.

போறவங்க ஏழு மணிக்கு முன்னாடியே போங்க, ஒன்பதுக்கு மேல வெயில்ல நிமிர்ந்து பாக்க முடியாது, தண்ணி பாட்டில் மறந்துடாதீங்க.