இன்சூரன்ஸ் கம்பெனி விலகினப்போ அம்மாவோட பாலிசிய காப்பாத்தினது எப்படி

அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டிருந்த கம்பெனி ஹெல்த் பிசினஸ விட்டே வெளிய போகுது, எல்லா பாலிசியும் வேற ஒரு கம்பெனிக்கு மாறுதுன்னு ஒரு லெட்டர் வந்துச்சு. அம்மாவுக்கு சுகரும் இருக்கு பிரஷரும் இருக்கு, வெயிட்டிங் பீரியட் (பாலிசி போட்டதும் சில நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலம்) எல்லாம் முடிஞ்சு இப்பதான் எல்லாத்துக்கும் கிளெய்ம் கிடைக்கிற நிலைமைக்கு வந்த பாலிசி, அதனால வீட்ல எல்லாருக்கும் பயங்கர டென்ஷன். இதே மாதிரி லெட்டர் கைல வெச்சுட்டு முழிக்கிறவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. கம்பெனி போயிட்டா கட்டின காசும் பாலிசியும் சேர்ந்து போயிடும்னு நினைக்காதீங்க. இந்தியால இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற அமைப்பான ஐஆர்டிஏஐ இத சும்மா விடறதில்ல. 2019 நவம்பர்ல ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியோட சால்வென்சி, அதாவது கிளெய்ம் கொடுக்கறதுக்கு கைல இருக்க வேண்டிய பலம், தேவையான அளவுக்கு கீழ போனப்போ, புது பாலிசி விக்கக்கூடாதுன்னு சொல்லி, இருந்த பாலிசிகள் எல்லாத்தையும் அதுக்கான சொத்தோட சேர்த்து ரிலையன்ஸ் ஜெனரலுக்கு மாத்த சொன்னாங்க. அப்போல்லோ ம்யூனிக் 2020ல எச்டிஎஃப்சி எர்கோவோட இணைஞ்சப்பவும் பழைய பாலிசிகள் அங்க தொடர்ந்துச்சு. அதனால பாலிசி இருக்குமாங்கறது இல்ல கேள்வி, இத்தன வருஷமா சேர்த்த உரிமை அப்படியே வருதாங்கறதுதான்.

லெட்டர் வந்த உடனே ஏஜென்ட் போன் பண்ணி "இத விட்டுடுங்க சார், வேற நல்ல கம்பெனில புதுசா போட்டுத் தரேன்"னு ஆரம்பிச்சார். தயவு செஞ்சு இதுக்கு மட்டும் தலையாட்டாதீங்க. புதுசா போட்டா ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரைக்கும் வெயிட்டிங் பீரியட் மறுபடி முதல்லேர்ந்து ஓடும். அதோட தொடர்ந்து 60 மாசம் பாலிசி ஓடியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சா தவிர, நீங்க நோய மறைச்சீங்கன்னு சொல்லி கிளெய்ம தட்டிக்கழிக்க முடியாதுன்னு ஒரு பாதுகாப்பு இருக்கே, அதுவும் போச்சு. வயசானவங்களுக்கு பாலிசில இருக்கிற சொத்தே இந்த வருஷங்கள்தான்.

நான் முதல்ல செஞ்சது பழைய கம்பெனி வெப்சைட்டுக்குள்ள போய் எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணினதுதான். எல்லா வருஷத்து ஷெட்யூலும் (பாலிசி விவரம் எல்லாம் இருக்கிற பேப்பர்), ப்ரீமியம் ரசீதும், முன்னாடி வாங்கின கிளெய்ம் லெட்டரும், எல்லாத்தையும் விட முக்கியமா முதல் ப்ரொபோசல் ஃபார்ம் காப்பி, ஏன்னா அதுலதான் அம்மாவுக்கு சுகர் இருக்குன்னு நாங்க எழுதிக் கொடுத்தது இருக்கு. லாகின் எப்ப வேணா மூடிடுவாங்க, மாறின பிறகு பாத்துக்கலாம்னு விடாதீங்க.

அடுத்தது புது கம்பெனிகிட்டேர்ந்து ஷெட்யூல் வந்துச்சு. அம்மா பேரு சரி, பிறந்த தேதி சரி, தொகை சரி. ஆனா "முதல் பாலிசி தொடங்கிய தேதி"ன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல பாலிசி மாறின தேதிய போட்டிருந்தாங்க. அதாவது பேப்பர்படி அம்மா புது கஸ்டமர். கீழ போனஸ் கட்டத்துல, அதாவது கிளெய்ம் வாங்காத வருஷத்துக்கு கூடற தொகை இருக்க வேண்டிய இடத்துல, வெறும் ஒரு கோடு. கஸ்டமர் கேர்ல கேட்டா "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டும், பழைய டேட்டா எங்ககிட்ட இருக்கு, கவலைப்படாதீங்க"ங்கறாங்க. போன்ல பேசற அந்தப் பொண்ணு நல்லவிதமாத்தான் சொல்லுச்சு, ஆனா நாளைக்கு கிளெய்ம் பாக்கறவர் கைல இருக்கப் போறது இந்த பேப்பர்தான், அவர் அந்த பொண்ணுகிட்ட கேட்டுட்டு இருக்க மாட்டார். அதனால பழைய ஷெட்யூல் எல்லாத்தையும் வரிசையா இணைச்சு, தொடங்கின தேதியும் போனஸும் திருத்தி எண்டார்ஸ்மெண்ட் (பாலிசில செஞ்ச திருத்தத்துக்கான பேப்பர்) வேணும்னு புது கம்பெனில புகார் பாக்கற க்ரீவன்ஸ் ஆபீசருக்கு மெயில் போட்டேன். பதில் இழுத்துக்கிட்டே போச்சு, ஐஆர்டிஏஐயோட புகார் வெப்சைட்டான பீமா பரோசா போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் பதிஞ்சு அந்த நம்பரையும் அதே மெயில்ல போட்டு அனுப்பின பிறகுதான் வேகம் பிடிச்சுது. (155255க்கு போன் பண்ணியும் பதியலாம்.) கடைசில தேதி திருத்தின எண்டார்ஸ்மெண்ட் வந்துச்சு, போனஸ் அதுல விட்டுப்போயிருந்துச்சு, திரும்ப கேட்டு அதையும் வாங்கினோம். கம்பெனி சரியா பதில் சொல்லாம ஒரு மாசம் ஆயிட்டா இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்ற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்கிட்ட போகலாம், அதுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம். எங்களுக்கு அதுவரைக்கும் போக வேண்டி வரல.

நடுவுல அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் வேற. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல பழைய கார்ட வெச்சு கேஷ்லெஸ் (நாம பணம் கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறது) கேட்டாங்க, பாலிசி ஆக்டிவ்ல இல்லன்னு வந்துடுச்சு. கம்பெனிக்காக கிளெய்ம் வேலைய பாக்கற டிபிஏவே மாறிப்போச்சு, புது பாலிசி நம்பர், புது கார்டு, அத கொடுத்து திரும்ப போட சொன்னதும் அப்ரூவல் வந்துச்சு. ஐஆர்டிஏஐயோட 2024 சர்க்குலர்படி கேஷ்லெஸ் கேட்டா 1 மணி நேரத்துல முதல் முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரம், அத டெஸ்க்ல ஞாபகப்படுத்தறதுல தப்பே இல்ல. அந்த ஆஸ்பத்திரி புது கம்பெனி நெட்வொர்க்ல இருக்கான்னும் முன்னாடியே பாத்துடுங்க, லிஸ்ட் ஒண்ணா இருக்காது.

புது கம்பெனி பிடிக்கலன்னா? போர்ட் பண்ணலாம், அதாவது பாலிசிய வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம், 2011லேர்ந்தே அந்த உரிமை இருக்கு, வெயிட்டிங் பீரியட்ல முடிச்ச காலம் கூடவே வரும். ஆனா பாலிசி தொகைய கூட்டினா, கூட்டின பங்குக்கு மட்டும் வெயிட்டிங் புதுசா ஓடும். அதோட போர்ட்ல போற இடத்து கம்பெனி உடம்ப பாத்துட்டு வேணாம்னு சொல்லவும் முடியும், அதனால அங்க பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் இருக்கறத விட்டுடக்கூடாது, ரினியூவல் தேதி தாண்டவும் கூடாது. எங்க பாலிசில 45 நாளுக்கு முன்னாடி போர்ட்டுக்கு அப்ளை பண்ணணும்னு போட்டிருக்கு, அடுத்த ரினியூவலுக்கு அம்மாவுக்கு ரெண்டு கம்பெனில கேக்கறதா இருக்கோம். ரெண்டும் ஒத்துக்கலன்னா இங்கயே ரினியூ பண்ணிப்போம், முன்னாடி கிளெய்ம் வாங்கினத காரணம் காட்டி ரினியூவல மறுக்க இவங்களால முடியாது.