வரிசையில் முதல் ஆள்

எங்கள் கல்லூரித் தலைவர் பொறுப்பேற்றுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. பதவியேற்பு விழா என்னவோ நேற்றுதான் நடந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் இது சகஜம். முதலில் வேலை, பிறகு விழா.

வகுப்பு இல்லை என்றதும் தொண்டராகப் பெயர் கொடுத்துவிட்டேன். சேவை மனப்பான்மை எல்லாம் கிடையாது. பிற கல்லூரிகளின் பிரதிநிதிகளை ஊர்வலத்துக்கு வரிசைப்படுத்தும் வேலை கிடைத்தது. வயதும் பதவியும் அங்கே செல்லாது. அவரவர் கல்லூரி தொடங்கிய ஆண்டுதான் கணக்கு. 1636-இல் பிறந்த ஹார்வர்டின் சார்பில் வந்தவர் ஓர் இளம்பெண். நரைத்த தலைகள் அத்தனையும் அவருக்குப் பின்னால் அடக்கமாக நின்றன. பட்டத்தின் அடையாளமாக அங்கிக்கு மேல் முதுகில் தொங்கவிடும் துணி ஒரு முதியவருக்குப் புரண்டு கிடந்தது. ஊக்கு குத்திச் சரிசெய்தேன். அவருடைய அங்கியின் கையில் மூன்று வெல்வெட் பட்டைகள். முனைவர் பட்டத்தின் அடையாளம். தடவிப் பார்க்க ஆசையாக இருந்தது, தடவவில்லை.

ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் செங்கோலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பார்க்க அழகுதான். ஆதியில் அது மண்டையைப் பிளக்கும் கதாயுதம் என்பதை அருகில் நின்ற தோழியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

உரைகள் நீளம். அதை விடுங்கள். பதக்கம் அணிவித்தபோது நாடா தலைவரின் தொப்பிக் குஞ்சத்தில் சிக்கிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து விடுவித்தார்கள். அன்றைய கைதட்டல்களில் அதற்குக் கிடைத்ததுதான் பெரிது.

இன்று காலை நூலகப் படியில் ஒருவர் எனக்கு வணக்கம் சொன்னார். அங்கி இல்லாததால் அடையாளம் தெரிய நான்கு படிகள் ஆகின.